சாய்வாக வெட்டிய குழாய்

போன மாதம் இறந்த மெக்கானிக் சாம்சனுக்கு, கும்மிடிப்பூண்டி சிப்காட் ஓரத்தில் ஒரு தகர ஷெட் இருந்தது. டிரைவர் அரசப்பன் ஒரு நாள் காலை அங்கே தன் கம்பெனி மேனேஜரின் காரைக் கொண்டுவந்தார். சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று பலூன் வைத்த கார். இடது பின்பக்கம் இறங்கிக் கிடந்தது.

"பள்ளத்துல உட்டு நான்தான் பலூனைக் கிழிச்சிட்டேன்னு மேனேஜர் சொல்றாரு, சாம்சண்ணா. நாளையிலேர்ந்து வேலைக்கு வராதேன்றாரு."

"பொலம்பாத இரு. பாத்துக்கினு சொல்றேன்."

சாம்சன் காரைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பிறகே அடியில் நுழைந்தார். பலூன் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட இல்லை. காற்றுக் குழாய் சேரும் இடத்தில் தடவியதும் நுரை பொங்கியது. குழாயை உருவினார். முனை சாய்வாக இருந்தது; அதனால்தான் சரியாகப் பொருந்தாமல் காற்று கசிந்திருக்கிறது. இரண்டு மாதம் முன்பு, பிளேடு தேடச் சோம்பி, கட்டிங் பிளேயரால் அதை நறுக்கி மாட்டியவர் அவரேதான்.

அரசப்பனுக்கு அது தெரியாது. சொல்லாமலே விட்டிருக்கலாம்.

பிளேடால் நேராக வெட்டிச் சொருகினார். கார் எழுந்து நின்றது. உடனே மேனேஜருக்குப் போன் போட்டார்.

"சார், பலூன் நல்லாத்தான் கீது. கொயாயை நான்தான் கோணலா வெட்டிட்டேன். டிரைவர் மேல தப்பில்ல."

மறுமுனையின் வசவு அரசப்பன் வரைக்கும் கேட்டது. சாம்சன் முழுக்கக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

"இன்னாண்ணா, உனக்கு ஏன் இந்தப் பேஜாரு?"

"வண்டிய எட்றா. ஆபீசுக்கு லேட்டாச்சின்னா அதுக்கும் உன்னத்தான் திட்டுவாரு."

அந்தக் கம்பெனிக் கார்கள் பிறகு ஷெட்டுக்கு வரவில்லை. அரசப்பன் இன்றும் அந்தக் கம்பெனியில்தான் வண்டி ஓட்டுகிறார்.