கடற்கரைக்கு ஒரு மாற்றாள்

மலை சூழ்ந்த மாத்தளையில் இருந்துகொண்டு கடற்கரைச் செய்தி படிக்கிற பெண் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காலையில் தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு முதலில் பார்ப்பது அதைத்தான். திருகோணமலைப் பக்கத்தில், வெள்ளைக்காரரும் கொழும்பு ஆட்களும் வந்து குளிக்கும் ஒரு கடற்கரை ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவர் முகநூலில் நடத்தும் செய்திப் பக்கம். எந்த வீதியில் தண்ணீர் வெட்டு, எந்த விடுதிக்கு முன்னால் ஜெலி மீன் என்கிற சொறிமுட்டை ஒதுங்கியிருக்கிறது, கோவிலடியில் கண்டெடுத்த கைப்பை யாருடையது, எந்த வெள்ளைக்காரச் சோடி வேட்டி சேலை கட்டிக் கடற்கரையில் கல்யாணம் முடித்தது, எல்லாம் எனக்கு அத்துப்படி. என் பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டால் தெரியாது.

காரணம் என் கணவர். அந்த ஊர் அரசாங்கக் கந்தோரில் அவருக்கு வேலை. ஐந்து வருடமாக அங்கே ஓர் அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி வந்து, திங்கட்கிழமை விடியுமுன் திரும்பிப் போகிற மனிதர். நான் மாத்தளை டவுனில் கணக்கு டீச்சர். "ஒங்க வீட்டுக்காரருக்கு என்ன, கடற்கரையில ஜாலியா இருக்காரு" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்லாத கிழமை இல்லை. சொல்பவரை அந்த இடத்திலேயே சோக் கட்டியால் எறியலாம் போல இருக்கும்.

மூத்தவள் பிறந்த அன்று அவர் தம்புள்ளையில், மரக்கறி லொறிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பஸ்ஸில் இருந்தார். பிள்ளை காலையில் பிறந்தது. அவர் பின்னேரம் வந்தார், சட்டை எல்லாம் கோவா இலை வாசத்தோடு. இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்தபோது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த முறை அவர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவேண்டும். அதற்குப் பிறகு வீட்டிலும் இருக்கவேண்டும்.

அரசாங்க இடமாற்றம் கேட்டவுடன் கிடைக்கிற சாமான் இல்லை. ஒரே ஒரு குறுக்குவழி உண்டு. அதே தரத்தில் மாத்தளை மாவட்டத்தில் வேலை செய்கிற ஒருவர், நான் அங்கே போகிறேன், அவர் இங்கே வரட்டும் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். எல்லாரும் அதை மியூச்சுவல் என்பார்கள். அந்த மாற்றாளைத் தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கல்யாணத் தரகர்கூட அவ்வளவு அலைந்திருக்கமாட்டார். ஸ்கூல் விட்டதும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராகப் போய், "கடற்கரைப் பக்கம் போக விருப்பம் உள்ள ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்பேன்.

விருப்பம் உள்ள ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதுதான் தொல்லை. எல்லாரும் முதலில் இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார்கள்.

முதலில் போனவர் டவுனிலேயே வேலை செய்தவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார், மாமியாரின் தங்கை, எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஸ்கூல் லீவில் இடம் பார்க்கப் போனார். மூன்று நாள் பார்த்தார். என் கணவரின் அறையில் அவர்கள் படுக்க, இவர் கந்தோர் வாங்குப் பலகையில் படுத்தார். மாமியார் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் படம் எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது. திரும்பி வந்து, "இடம் நல்லாத்தான் இருக்கு டீச்சர், ஆனா கெணத்துத் தண்ணி உப்பாமே" என்றார். அந்த 'ஆமே' அப்போது என் காதில் விழவில்லை. இறால் சாப்பிட்ட வாய்க்குத் தண்ணீர் மட்டும் உப்பாகப் போய்விட்டதா என்று வயிறெரிந்தேன்.

அடுத்தவர் எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து படித்து வந்த பையன், புதுசாகக் கல்யாணம் ஆனவர். பொண்டாட்டிக்குக் கடல் என்றால் உயிர். இது சரிவரும் என்று நான் படிவத்தைக்கூட நிரப்பி வைத்துவிட்டேன். அவர்கள் இடம் பார்த்துவிட்டுத் திரும்பிய மறுநாள், அந்தச் செய்திப் பக்கத்தில் ஒரு வீடியோ. விடுதிகளுக்குப் பின்னால் போகும் வீதியில் ஒரு காட்டு யானை, தன் பாட்டுக்கு ஒரு பப்பாசி மரத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்த பெண்ணின் அம்மா ஒப்பாரி வைக்காத குறை. பையன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பக்கத்துக்கே எழுதினேன். "ஏன் இப்படிப்பட்டதைப் போட்டு ஆட்களைப் பயங்காட்டுகிறீர்கள்? ஊருக்கு நல்லது எழுதத் தெரியாதா?"

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. "அக்கா, யானை வந்தா யானை வந்தது எண்டுதானே போடவேணும். வராத நாளில வந்தது எண்டு போட்டா நீங்க கேக்கலாம்."

அதற்கு மேல் என்ன சண்டை பிடிப்பது? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முப்பத்தெட்டுக் கொப்பிகளைத் திருத்தினேன். அன்றைக்கு என் வகுப்பில் யாருக்கும் நல்ல புள்ளி கிடைக்கவில்லை.

மூன்றாவதாகக் கிடைத்தவர்தான் என் கடைசி நம்பிக்கை. மாத்தளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் நாநா ஒருவர், லக்கலைக் காட்டுப் பக்கம் வேலை. பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை, யானை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. யானை வீடியோவை நானே அவரிடம் காட்டினேன், பிறகு பழி வேண்டாம் என்று. அவர் சிரித்தார்.

"இது சின்னக் குட்டி, தங்கச்சி. எங்கட பக்கம் வந்து பாருங்க. எனக்குக் கடலும் வாணாம், காத்தும் வாணாம். பஸ் போற ரோட்டு ஒண்டு இருந்தாப் போதும்."

இடம் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை நான் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். இனி என் கணவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தபோது நீட்டினேன். "கந்தோர் பெரியவரக் கேட்டுட்டுப் போடுறேன்" என்று மடித்துப் பைக்குள் வைத்தார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. சனிக்கிழமையும் கந்தோரில் வேலை, வெளிக்கிட முடியாது என்றார். நானும், பாவம் மனிசன், மாறிப் போகிற நேரத்திலும் பிழிந்தெடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தேன். நல்ல செய்தி. பல நாளுக்குப் பிறகு கரைவலையில் மீன் நிறையப் பட்டிருக்கிறது. கடலிலிருந்து வலைக் கயிற்றைக் கரைக்கு இழுக்கும் ஆட்களின் படம், வெயில் நேரே முகத்தில் அடிக்க. முன்னாலிருந்து நாலாவது ஆள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய் முழுக்கச் சிரித்துக்கொண்டு நின்றார். என் கணவர்.

தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் எனக்கு உணர்வு வந்தது. அவர் பொய் சொன்னது ஒரு பக்கம். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. ஏழு வருடக் கல்யாண வாழ்க்கையில் எங்கள் வீட்டுக்குள் நான் அதைப் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை லக்கலை நாநா போன் எடுத்தார்.

"தங்கச்சி, கோவிச்சிக்க வாணாம். மியூச்சுவல் சரிவராது போல. நேத்து ஒங்கட மாப்பிள்ளைக்குக் கோல் எடுத்து, இடம் எப்பிடின்னு சும்மாதான் கேட்டேன். தண்ணி உப்பு, மழைக்கு அறை ஒழுகும், பெரியவர் கடுப்பான ஆள், அவசரப்பட வாணாம்னு ஒண்ணொண்ணா சொன்னாரு. நல்ல மனிசன், மறைக்காம சொன்னாரு. எண்டாலும் நான் வாரேன்னுதான் சொன்னேன். அதுக்குப் பொறகு மனிசன் பேசவே இல்ல."

தண்ணீர் உப்பாமே. அந்த 'ஆமே' இப்போது கேட்டது. எல்கடுவப் பையனுக்கும் வேறு நம்பரிலிருந்து எடுத்துக் கேட்டேன். யானை வீடியோவுக்கு முதலே தன் மனம் மாறிவிட்டது என்றார். சார் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாராம். நான் வெயிலில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு தேடிப் பிடித்து அனுப்பிய ஆட்களை, அவர் அங்கே இருந்து ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைத்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தார். கையில் நெத்தலிக் கருவாட்டுப் பார்சல். பிள்ளை தூங்கும் வரை பொறுத்தேன். சோற்றைப் போட்டுவிட்டு, பக்கத்தில் போனை வைத்தேன். படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாருக்கும் உண்மையச் சொல்றீங்க. எனக்கு மட்டும் ஏன் பொய்?"

"அவங்க கேட்டாங்க, சொன்னேன்."

"அப்ப நானும் கேக்குறேன். ஒங்களுக்கு இங்க வர விருப்பமா, இல்லையா?"

சோற்றிலிருந்து கையை எடுத்தார். "அஞ்சு வருஷத்துல இன்னைக்குத்தான் கேக்குற."

"சொல்லுங்க."

"இல்ல."

அந்த ஒரு சொல்லை அவ்வளவு அமைதியாகச் சொன்னார். அதற்கு முன் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. உண்மையிலேயே நான் கேட்கவில்லை. கந்தோர் கந்தோராக ஊரில் உள்ளவர்களை எல்லாம் விருப்பமா என்று கேட்டேன், இவரை ஒரு நாளும் கேட்கவில்லை. வர விருப்பம் இல்லாத மனிதரும் இருப்பார் என்பது என் கணக்கிலேயே வரவில்லை. ஆனால் அவருக்கும் வாய் இருந்ததே. பத்துப் பேரை அனுப்பியிருந்தாலும் பத்துப் பேரிடமும் சொல்லியிருப்பார், என்னிடம் சொல்லமாட்டார். அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு அடங்கவில்லை.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "நீயும் புள்ளையும் அங்க வந்துட்டா என்ன? அங்க ஸ்கூல்ல கணக்குக்கு ஆள் இல்ல. காலையில கடற்கரைக்குப் போனா, புள்ளைக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும்."

இதையும் ஐந்து வருடத்தில் அன்றைக்குத்தான் கேட்டார். பிள்ளை பிறக்க இன்னும் ஏழு கிழமை இருந்தது.

"தண்ணி உப்பு" என்றேன். "மழைக்கு அறை ஒழுகும். ரோட்டுல யானை வரும். நீங்கதானே எல்லாருக்கும் சொன்னீங்க?"

அவர் படிவத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். லக்கலை நாநாவின் கையெழுத்து ஒரு பக்கம் இருந்தது. மற்றப் பக்கம் வெறுமையாகவே இருந்தது.