காத்தாடி நின்ற விமானம்

ஐம்பதைக் கடந்த மனிதன் ஒருவன் எல்லிங்ஸ்ருட் அடுக்குமாடிப் பால்கனியில் நின்று, பழைய கமராவைக் கண்ணில் ஒற்றியபடி, பறக்கும் கடற்புறாக்களுக்கு ஏற்ப இடுப்பை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்ததை நீங்கள் கண்டிருந்தால், அது நான்தான். எதிர்வீட்டு நோர்வீஜியப் பெண்மணி ஒருமுறை கைகாட்டினார். நாரிப்பிடிப்புக்கு வைத்தியர் சொன்ன பயிற்சி என்று நினைத்திருக்கலாம். உண்மை அதைவிடக் கேவலமானது. என் சகலனைப்போல ஒரு படம் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

சகலன், என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். குரோருட்டில் வீடு, கணக்காளர் வேலை, என்னைவிட இளமை, என்னைவிட முடி. ஒரே வீட்டில் பெண்ணெடுத்த இருவரை ஒப்பிடத் தராசு தேவையில்லை, மாமியின் சாப்பாட்டு மேசை போதும். பெரிய மீன்தலை யாருடைய தட்டுக்குப் போகிறது என்பதைப் பல ஆண்டுகளாக அவதானித்துவருகிறேன். என் தட்டுக்கு அது வழிதவறியும் வந்ததில்லை.

என் மனைவியின் தம்பி விமானியாகி, வடக்கே போய்வரும், இறக்கைகளில் காத்தாடி சுழலும் சிறிய விமானங்களை ஓட்டத் தொடங்கியபோது, மோர்டென்ஸ்ருட்டில் மாமா வரவேற்பறைச் சுவரில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தார். "பிள்ளை ஓட்டுற பிளேன் இஞ்சை தொங்கவேணும். நீங்கள் ரெண்டு பேரும் கமரா வைச்சிருக்கிறியள்தானே" என்றார். அந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் கிடைக்குமானால் அது அந்த ஆணிதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

இருவரிடமும் இருந்தது ஒரே வகை லென்ஸ், இரண்டுமே பிறர் பாவித்து விற்றவை. புதியது வாங்க இருவருக்கும் வக்கில்லை. ஆகவே பின்னால் குறைசொல்லக் கருவிகூட எனக்கு மிஞ்சவில்லை. மைத்துனர் வருவதாகச் சொன்ன மதியம், கார்டெர்மூன் ஓடுபாதை வேலியோரம் இருவரும் நின்றோம். நான் வாசித்துவிட்டுப் போயிருந்தேன். வேகமாகப் போகும் பொருளுக்கு வேகமான ஷட்டர், விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் வாசித்த பக்கம் ஜெட் விமானங்களைப் பற்றியது என்பதைத்தான் கவனிக்கவில்லை. சகலன் நூற்றில் ஒரு பங்கு வைத்தார். விமானம் இறங்கி முடியும் திசைக்குப் பாதங்களை ஊன்றி, வரும் திசைக்கு உடம்பை முறுக்கி, அதனுடனேயே மெல்லத் திரும்பினார். "அண்ணை, கையை விடுங்கோ, இடுப்பாலை திரும்புங்கோ. அமத்தின பிறகும் நிப்பாட்டாதேங்கோ" என்றார். அறிவுரையை விடப் பொறுக்க முடியாதது, அதிலிருந்த மரியாதை.

அவருடைய படங்களில் பெரும்பாலானவை கலங்கிய கஞ்சி. ஒன்று மட்டும் தப்பிப் பிழைத்தது. என்னுடையவை எல்லாமே கூர்மை, யன்னல்களை எண்ணலாம். அன்று மாலை, வழியில் கடையொன்றில் அச்சிட்டு எடுத்துப்போய், மாமா வீட்டில் வெற்றியோடு என் படத்தை நீட்டினேன். மாமி வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இதென்ன தம்பி, காத்தாடி நிண்டுபோச்சு? பிள்ளை விழப்போறானே?"

ஷட்டரின் வேகம் காத்தாடியையும் உறையவைத்துவிட்டது என்று பௌதிக ஆசிரியனுக்குரிய பொறுமையுடன் விளக்கினேன். மாமி கேட்கவில்லை. "உந்தப் படத்தை வீட்டிலை வைக்கக்கூடாது" என்று படத்தைக் குப்புற வைத்துவிட்டு, என் மைத்துனருக்காகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தார். சகலனின் படத்தில் விமானம் தெளிவாக நிற்க, காத்தாடிகள் புகைவட்டமாய்ச் சுழன்றன. அது ஆணியில் ஏறியது. அன்று இரவுச் சாப்பாட்டில் மீன்தலை எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை.

அதன்பிறகு வந்ததுதான் கடற்புறாக்களின் காலம். எந்தப் பொறாமைக்கும் பெரிய காரணம் தேவையில்லை போலும்; எனக்கு ஒரு புகைவட்டம் போதுமாயிருந்தது. அந்தச் சுவருக்கு எதிரே அமர்ந்து தேநீர் குடித்த ஒவ்வொரு ஞாயிறும் சீனி போதாததுபோலவே இருந்தது.

படத்தை மகன் நேரில்தான் பார்க்கவேண்டும் என்று மாமா அனுப்பாமல் வைத்திருந்தார். தைப்பொங்கலுக்கு மைத்துனர் வந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"வடிவான படம். ஆனா அப்பா, அண்டைக்கு நான் இதிலை வரேல்லை. கடைசி நேரத்திலை ஷிஃப்ட் மாத்திப்போட்டினம். நான் வடக்கை போடோவிலை நல்ல நித்திரை."

சகலன் பொங்கலைக் கிளறினார். மாமா ஆணியைப் பார்த்தார். "பரவாயில்லை, இருக்கட்டும். காத்தாடி சுத்துதுதானே" என்று மாமி வழக்கை முடித்துவைத்தார். எனக்கு அதுவே போதும். தொங்குவது யாரோ ஓட்டிய விமானம். வீடு திரும்பும் வழியெல்லாம் ரயில் யன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

"என்னப்பா சிரிக்கிறியள்?" என்றாள் மனைவி. "நீங்கள் எடுத்ததும் அதே பிளேன்தானே."