இரண்டு கைப்பிடி முடி

வரிசை இல்லாமல் எழுத எனக்கு வராது. ஆகவே:
1. அஞ்சலை மறைந்த செய்தி.
2. என் மனைவியின் முடி.
3. அஞ்சலை குத்துமதிப்பாகச் சொன்னது பலித்தது.
4. என்னிடம் மிஞ்சியிருப்பது.

கரியாலூர் பேருந்தின் நடத்துநர்தான் செய்தி சொன்னார். சீவும்போது உதிரும் முடியை வாங்கிக்கொண்டு பாத்திரம் தருவாரே, அந்த அஞ்சலை. கரியாலூர் மலையிலிருந்து எலவனாசூர்கோட்டை வரை உங்களில் பலர் வீட்டில் அவர் தந்த கிண்ணம் இருக்கும்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை வருவார். ஓர் ஆண்டு என் மனைவி சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டு படுத்தே கிடந்தாள். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சோர்வுக்கு வயது காரணம், முடிக்கு போர் தண்ணீர் காரணம் என்று முடிவுகட்டினேன். தண்ணீரை மாற்றி மாற்றி, உதிர்ந்த முடிகளை வெள்ளைத் தாளில் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை முடிச்சுருளைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா சாரு, போன மாசம் ஒரு கைப்பிடி, இப்ப ரெண்டு. எனக்கு லாபந்தான், அம்மாவுக்கு நல்லதில்லீங்க. புருவத்து நுனி தேஞ்சிக்கினு வருது பாருங்க. எண்றத வுட்டுட்டு தைராய்டு டெஸ்ட் எடுங்க."

எடுத்தோம். சுரப்பு மிகக் குறைந்திருந்தது. சோர்வு, குளிர், முடி, எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்றார் மருத்துவர். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இதயத்துக்கும் ஆபத்தாம். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சில மாதங்களில் அவள் நெற்றியோரம் பூனைமுடி போல முளைத்தது! உளுந்தூர்பேட்டைக் கல்யாணத்துக்குப் புடவை எடுத்து வைத்தாள். நான் பேருந்து நிலையத்துக்கே ஓடி அஞ்சலையிடம் சொன்னேன்.

"எனக்கு யாவாரம் போச்சின்னு சொல்லவா இப்படி ஓடியாந்தீங்க?" என்றார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

முடி உதிர எத்தனையோ காரணங்கள் உண்டு. படிக்காத அம்மாள் அதில் ஒன்றை எப்படிப் பிடித்தார்? குத்துமதிப்பு என்றே எல்லோரிடமும் சொல்லிவந்தேன். செய்தி வந்த அன்றே மேலே உள்ள பட்டியலையும் அப்படியே எழுதிவைத்தேன்.

நேற்று துக்கம் கேட்கப் போனோம். அவருடைய பெரிய கொண்டையைப் பற்றி என் மனைவி சொன்னதும், அவர் மகள் உள்ளேயிருந்து ஒரு சவுரியையும் மாத்திரைக் குப்பியையும் எடுத்து வந்தாள். அதே மாத்திரை.

"கொண்டையில பாதி சவுரிதாங்க. புருவமும் மையில எழுதிக்கினதுதான்."

வீடு திரும்பும்வரை என்னால் சும்மா உட்கார முடியவில்லை. எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது ஒரு பழக்கம்: யார் எதிரே வந்தாலும் புருவ நுனியைப் பார்க்கிறேன். மூன்றாவதாக எழுதியது தவறு. கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன். அஞ்சலை அந்தப் பாடத்தைத் தான் முகம் பார்க்கும் கண்ணாடியில் படித்தவர்.