மஞ்சள் நாடாவுக்கு இப்பால்

ஈஸ்ட் டாமாக்கியில் இருந்த அந்தத் திராட்சை மது ஆலையில் விநாயகமூர்த்தியின் கை படாத தொட்டி ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, குழாய் கழுவுபவராகச் சேர்ந்து, தொட்டிகளுக்கெல்லாம் பொறுப்பாளராக உயர்ந்தவர் அவர். குழாயின்மேல் உள்ளங்கையை வைத்தே உள்ளே பாயும் வேகத்தைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரை இந்த அறுவடையில், தரையில் ஒட்டிய மஞ்சள் நாடாவுக்கு இப்பால் நிறுத்திவிட்டார்கள்.

அப்பால் நின்ற தொட்டியில், யூதர்களின் அடுத்த ஆண்டுப் பாஸ்கா பண்டிகைக்கான கோஷர் மது, அதாவது அவர்களுடைய சமய விதிக்கு உட்பட்ட மது, தயாராகிக்கொண்டிருந்தது. பழம் பிழிவது முதல் போத்தலை மூடி முத்திரையிடுவது வரை, ஓய்வுநாளைத் தவறாது கடைப்பிடிக்கும் யூதர்கள் மட்டுமே அதைக் கையாளலாம். வேறொருவர் கை பட்டால் தொட்டி முழுவதும் அவர்களுக்கு விலக்கு. மெல்பனிலிருந்து வந்த எலியேசர் என்ற இளைஞரும் அவருடைய துணைவர்களும் வேலை செய்தார்கள். விநாயகமூர்த்தி வாயால் வழி சொல்லலாம்; அவ்வளவே.

அன்று மாலை, மவுண்ட் வெல்லிங்டன் வீட்டில் மனைவியிடம் பொருமினார்.

"நான் தொட்டா ஆகாதாம். இவ்வளவு காலமும் இந்தக் கையாலதானே எல்லாம் நடந்தது."

இராசமலர் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "உங்கட அப்பர் ஆரைத் தன்ர கிணத்தில அள்ள விட்டவர்? வேலைக்கு வந்த சனத்துக்குச் சிரட்டையிலதானே தண்ணி வாத்தவர். இப்ப உங்களுக்குச் சுடுதாக்கும்."

"அது வேற, இது வேற."

"என்ன வேறயெண்டு கேட்டுக்கொண்டு வந்து சொல்லுங்கோவன்."

மறுநாள் அவர் எலியேசரிடமே கேட்டார். எலியேசர், நாடாவுக்கு இப்பால் கைகளைக் காற்சட்டைப் பையில் விட்டபடி நின்ற ஆலை முதலாளி டேனியலைக் காட்டினார்.

"அவரும் யூதர்தான். ஆலையே அவருடையது. ஆனால் ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பதில்லை. ஆகவே அவரும் தொட முடியாது. பண்டைக் காலத்தில் பிற தெய்வங்களுக்குப் படைத்த மது எங்கள் மேசைக்கு வந்துவிடக் கூடாதென்று தொடங்கிய காவல் இது. உங்கள் கை அழுக்கு என்பதல்ல இதன் பொருள். நீங்கள் தண்ணீர் தந்தால் குடிப்பேன்."

விநாயகமூர்த்தி ஒரு காகிதக் குவளையில் தண்ணீர் பிடித்து நீட்டினார். அதைக் கையிலிருந்தே வாங்கி, ஏதோ ஒரு வாழ்த்தை முணுமுணுத்து, எலியேசர் குடித்து முடித்தார். தம் தந்தை ஒருநாளும் செய்திராத செயல் எத்தனை எளிதாக நடந்தேறியது என்று விநாயகமூர்த்தி பார்த்துக்கொண்டே நின்றார்.

மதுவை வேறு தொட்டிக்கு மாற்றிய நாளில்தான் அது நிகழ்ந்தது. நாடாவின் ஓரமாகச் சென்ற குழாயின் இணைப்பு வளையம் நழுவியது. கருஞ்சிவப்பாய்ப் பீறிட்ட மது விநாயகமூர்த்தியின் சட்டையை நனைத்தது. எலியேசர் திகைத்து நின்றுவிட்டார். வளையமோ விநாயகமூர்த்திக்கு எட்டும் தொலைவில் இருந்தது. ஒரே ஒரு திருப்பு போதும். அவருடைய கை தானாகவே நாடாவைத் தாண்டிப் போய்விட்டது.

ஒரு சாண் இடைவெளியில் அது நின்றது. கர்ப்பகிருகத்தின் படியருகே எத்தனை கூட்ட நெரிசலிலும் கால் தானாக நின்றுவிடுவதில்லையா, அப்படி. கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் மற்றக் கையால் இறுகப் பற்றிக்கொண்டார்.

"மேல் வால்வை முதல்ல மூடு, தம்பி," என்று தமிழில் கத்திவிட்டு, மறுபடி ஆங்கிலத்தில் சொன்னார். "இப்ப வளையத்தை உன் பக்கம் திருப்பு. இன்னும். இன்னும் கொஞ்சம்."

பீறிடல் அடங்கியது. நிறைய மது வடிகாலில் போயிருந்தது. தொட்டியில் எஞ்சியது கோஷராகவே எஞ்சியது. எலியேசர் வடிகாலைப் பார்க்கவில்லை. பின்னால் கோத்திருந்த அந்தக் கைகளையே வெகுநேரம் பார்த்தார். தம் குலத்துக்கோ தெய்வத்துக்கோ உரியதல்லாத, எந்தக் காலத்திலோ எங்கேயோ விதித்த ஒரு சொல், தம் கையைப் பிடித்து நிறுத்திய வியப்பு விநாயகமூர்த்திக்கும் அடங்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் நாளில் எலியேசர் ஒரு போத்தலுடன் வந்தார்.

"இது கொதிக்கவைத்த திராட்சை மது. கொதிக்கவைத்ததை அந்தக் காலத்தில் யாரும் படையலில் வைப்பதில்லை. அதனால் இதை யார் ஊற்றினாலும் நாங்கள் குடிக்கலாம். நீங்கள் ஊற்றுங்கள்."

இத்தனை இறுக்கமான மதிலுக்குள்ளும் விருந்தாளிக்கென ஒரு வாசலை விட்டுவைத்திருக்கிறார்களே என்று எண்ணிக்கொண்டே, விநாயகமூர்த்தி போத்தலைத் திறந்தார். எலியேசரின் குவளையில் முதலில் ஊற்றினார். எத்தனையோ தொட்டிகளை ஆண்ட அந்தக் கையாலேயே பிறகு தம் குவளையையும் நிரப்பினார்.