மனப்பாடமாக ஒப்பித்த எழுத்துகள்

சுவாமிமலை முருகனைக் கும்பிடும் அன்பர்களுக்கு, லாரி ஓட்டும் கணேசமூர்த்தி எழுதுகிறேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அவன் எனக்குச் செய்ததையும் மறைத்தவன் ஆவேன்.

இது நடந்தபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. தஞ்சாவூர்ப் பக்கம் கொள்முதல் நிலையங்களிலிருந்து கிடங்குக்கு நெல் மூட்டை ஏற்றிப் போவது என் வேலை. இரண்டு வருடமாக வலது கண்ணில் மங்கல். இடது கண்ணிலும் லேசாக ஆரம்பித்திருந்தது. வேலை போய்விடுமோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்தது. லாரி ஓட்டுகிறவனுக்கு டாக்டர் உடம்பையும் கண்ணையும் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் ஆர்.டி.ஓ. ஆபீசில் புதுப்பிப்பார்கள்.

நான் செய்ததைக் கேளுங்கள். என் மனைவி செல்வியைத் தலைவலி என்று சொல்ல வைத்து, சான்றிதழ் கொடுக்கும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையில் உள்ள எழுத்துகளை அவள் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

"வேணாங்க, பயமா இருக்கு" என்று வீட்டிலேயே சொன்னாள்.

"நான் வீட்டுல ஒக்காந்துட்டா யாரு சோறு போடுவா?" என்று கத்தினேன். அழுதுகொண்டே கூட வந்து எழுதிக் கொடுத்தாள்.

ஒரு வாரம் அதை மனப்பாடம் செய்தேன். பிறகு அதே டாக்டரம்மா முன்னால் நின்று கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தேன். "இந்த வயசுல நல்ல பார்வைங்க ஒங்களுக்கு" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். நானும் சிரித்தேன்.

தை மாதம், சம்பா அறுவடை. பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்துச் சாலையில் காலை எட்டு மணிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர்வெயில். கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. பாதிச் சாலையில் நெல் காயப்போட்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த பெண்ணும் தெரியவில்லை. கிட்டத்தில் ஏதோ சிவப்பாக அசைந்தது. "முருகா!" என்று அலறி பிரேக்கை மிதித்தேன்.

வண்டி நின்றது. எனக்கு இறங்கத் துணிவில்லை. 'சக்கரத்துக்கு அடியில யாரும் இருக்கக் கூடாது முருகா. வேற எதுவும் கேட்க மாட்டேன்.' இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இறங்கிப் பார்த்தேன். வண்டிக்கு ஒரு முழம் தள்ளி அவள் நின்றுகொண்டிருந்தாள். சிவப்புப் புடவை. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அந்த இடத்திலேயே நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? "ரோட்டுல நெல்லக் காயப்போட்டா இப்படித்தான்! பனியில எப்படித் தெரியும்?" என்று கத்தினேன்.

"பனி எப்பவோ வெலகிடுச்சேய்யா. ஒனக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள்.

அவள் திட்டினாள், அவ்வளவுதான். ஆனால் அது உண்மை என்று எனக்கு மட்டும் தெரியும். கூடிய கூட்டமும் அவளைத்தான் கடிந்துகொண்டது. கடைசியில் அவளே, "தப்புதாங்க, மன்னிச்சுக்குங்க" என்று கை கூப்பினாள். நான் அதையும் வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் செல்வியோடு சுவாமிமலைக்குப் போனேன். அறுபது படி ஏறி சன்னதியில் நின்றேன். குருக்கள் தீபம் காட்டினார். வெளிச்சம் சிதறியதே தவிர, முருகன் முகம் தெரியவில்லை.

"தெரியுதாங்க?" என்று செல்வி மெதுவாகக் கேட்டாள்.

"தெரியல, செல்வி."

இரண்டு வருடத்தில் கண்ணைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது. 'ஒரு உயிரைக் காப்பாத்திக் கொடுத்த. உண்மையைச் சொல்ற தைரியத்தையும் கொடு' என்று அங்கேயே அழுதேன்.

கால் தானாக டாக்டரம்மாவிடம் போனது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "ஒங்கள நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்? ஒரு உயிர் போயிருந்தா?" என்றார். தலை நிமிர முடியவில்லை. பிறகு கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். "கண்புரைங்க. ஆபரேஷன் பண்ணா சரியாயிடும். இதுக்கா இவ்வளவு பொய்?"

நான் எதற்கு அஞ்சினேனோ, அதற்கு மருந்து இருந்தது. அது தெரியாமலே ஒருத்தியைக் கொல்லப் பார்த்தேன்.

அந்தச் சான்றிதழ் செல்லாது என்று டாக்டரம்மா ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எழுதினார். நானும் என் தப்பை எழுதிக் கொடுத்தேன். முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். அரசு மருத்துவமனையில் இரண்டு கண்ணுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த நாளில் செல்வி முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன். எவ்வளவு இளைத்திருந்தாள்!

அந்தக் கிராமத்துக்குப் போய் விசாரித்தேன். அவள் பெயர் பாக்கியம். அவளிடம் கை கூப்பி நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "அன்னிக்கி நான்ல ஒங்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

ஆறு மாதம் கழித்து உண்மையான சான்றிதழோடு மறுபடி வண்டி ஓட்ட ஆரம்பித்தேன். வருடா வருடம் கண்ணைக் காட்டிக்கொள்கிறேன். கிருத்திகைதோறும் படியேறி நன்றி சொல்கிறேன்.

உங்களில் யாராவது மங்கிய கண்ணையோ, சர்க்கரையையோ, வலிப்பையோ மறைத்துக்கொண்டு ஸ்டீயரிங் பிடித்திருக்கலாம். வேலை போகாமல் காப்பாற்று என்று முருகனிடம் கேட்காதீர்கள். உண்மை பேச வாயைத் திறந்துவிடு என்று கேளுங்கள். கட்டாயம் திறப்பான். எனக்குத் திறந்தான். பாக்கியம் உயிரோடு இருக்கும்போதே திறந்தான்.