கட்டுப் பிரிக்காத பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள்

தம்பி மகளை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. புதுப் புத்தகங்களைக் கயிற்றால் கட்டி எங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். "இது ஊட்லயே இருக்கட்டுங்க" என்றார் அங்கிருந்த அம்மா. படிக்கிற பிள்ளையின் புத்தகம் சங்ககிரியில் எங்கள் பீரோ மேல் எதற்கு?

தம்பி லாரி ஓட்டுகிறவன். தாயில்லாத அவளை வளர்த்தது நான். அவளுக்கு மாட்டு டாக்டராக வேண்டும். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு என்றான் தம்பி.

மாதத்தில் ஒரு ஞாயிறு அவளைப் பார்க்கப் போகலாம். வேப்பமரங்களுக்குக் கீழே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, தூக்குப் போசியைத் திறந்து சோறு ஊட்டுவார்கள். ஊட்டும்போதே பிள்ளைகள் மடியில் புத்தகம் விரிந்திருக்கும். அவள் மடியிலிருந்ததைப் பார்த்தேன். நான் வாரம் தவறாமல் தூசி தட்டுகிற புத்தகக் கட்டுக்குள் இந்தப் படம் போட்ட அட்டை இல்லை.

"இது எந்த வகுப்புதுங் கண்ணு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பன்னெண்டாவது அத்தை. ரெண்டு வருசமும் இதேதான். பதினொண்ணுக்குத்தான் பொதுத்தேர்வு இல்லியே."

"அப்ப பதினொண்ணு?"

"ஆபீசரு வந்தா காட்டறதுக்கு நோட்டு எழுதி வெச்சிருக்கறோம்."

கூட வந்திருந்த தம்பி சிரித்தான். "அஞ்சாவது படிச்ச அக்காளுக்கு இருக்கற சந்தேகம் ஆபீசருக்கு வரலீங்கோ!"

பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் தாள் வந்தபோது வேதியியலில் தொண்ணூற்று இரண்டு என்று இருந்தது. கட்டோ பிரிக்கப்படவே இல்லை. படிக்காத பாடத்தில் தொண்ணூற்று இரண்டு எங்கிருந்து வந்தது? அந்த ஞாயிறு கேட்டுவிடுவதென்று தலைமையாசிரியர் அறை வாசல் வரை போய்விட்டேன்.

"என்னங்கம்மா?" என்று நிமிர்ந்தார்.

"குடிக்கத் தண்ணி எங்கிருக்குங்க?"

கையைக் காட்டினார். போய்க் குடித்தேன். தாகமே இல்லை.

மறுவருடம் பன்னிரண்டாம் வகுப்பில் அவள் மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு வந்தாள். கால்நடைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. "உன்ற சந்தேகத்த அந்தக் கட்டோட சேத்துப் பழைய பேப்பர்காரனுக்குப் போடுக்கா" என்றான் தம்பி. நான் போடவில்லை. மதிப்பெண் சரி, இடமும் சரி. ஆனாலும் ஏதோ ஒன்று எண்ணிக்கைக்கு வராமல் விட்டுப்போன மாதிரியே இருந்தது.

கல்லூரி முதல் விடுமுறைக்கு வந்தவள் பாதிச் சோற்றிலேயே எழுந்தாள். முந்தைய மாதமெல்லாம் போனில் "நல்லாப் படிக்கறேன்" என்றுதான் சொன்னாள். குரல் சரியில்லை என்று அப்போதே நினைத்தேன். கேட்கவில்லை.

"உயிர் வேதியியல்ல போயிருச்சு அத்தை. மொத்த கிரேடும் எறங்கிப்போச்சு. மறு பரிச்சையிலும் உட்டா இதே வருசத்தத் திரும்பப் படிக்கோணும்."

"பன்னெண்டாவதுல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்குனயே சாமி?"

"அது வேற. வாத்தியாரு, 'இதெல்லாம் லெவன்த்லயே படிச்சிருப்பீங்க'ன்னு தாண்டிப் போயிர்றாரு. எல்லாரும் தலையாட்டறாங்க. நானும் ஆட்டறேன்."

பீரோ மேலிருந்து புத்தகக் கட்டை இறக்கினேன். கயிற்றை அறுத்ததும் அச்சு வாசனை அப்படியே வந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வேதியியல் புத்தகத்தை எடுத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாலைந்து பக்கம் போனதும் தலை நிமிராமல் கேட்டாள்.

"உங்களுக்கு அப்பவே தெரியும்ல? ஏன் சொல்லல?"

தண்ணீர் கேட்ட கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "சொல்லியிருந்தா, இந்த எடம் கெடைச்சிருக்குமா கண்ணு?" என்றேன்.

அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். நான் சொன்னது உண்மையா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதா என்று எனக்கே இன்றுவரை சந்தேகம்தான்.

விடுமுறை முழுக்க அதையே படித்தாள். கிளம்புகிற காலையில் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

"பேப்பர்ல அட்டை போட்டுக் குடுங்க அத்தை. லெவன்த் புக்குன்னு ஹாஸ்டல்ல யாருக்கும் தெரியக் கூடாது."

செய்தித்தாளை மடித்து, மேல் எழுத்து எதுவும் தெரியாமல் இழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறு பரிச்சை அடுத்த மாதம். தினமும் போனில் "புரியுது அத்தை" என்கிறாள். குரலைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். இந்த முறை, "என்ன புரிஞ்சுது, சொல்லு" என்று கேட்டுவிடுகிறேன். அவள் சொல்வதில் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. தடுமாறாமல் சொல்கிறாளா என்று மட்டும் பார்க்கிறேன்.