கொரியாவுக்கு நான் காட்டிய உதாரணம்

வாசிப்பவரே, நீங்கள் அந்த மண்டபத்தில் இருக்கவில்லை. அதனால்தான் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

புலம்பெயர்ந்த தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் ஒரு ஞாயிறு பிற்பகல் பட்டிமண்டபம். பிரிந்த கொரியா மீண்டும் ஒன்றாகுமா, ஆகாதா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ‘ஆகாது’ வந்தது. எந்தப் பக்கம் வந்தாலும் வெல்வேன் என்ற செருக்கு எனக்கு உண்டு.

மூன்றாம் வரிசையில் அப்பா இருந்தார். பக்கத்துக் கதிரையில் தன் மேலங்கியைப் போட்டு இடம் பிடித்திருந்தார். புறநகர்க் கூசேன்வில்லிலிருந்து பெரியப்பா வந்து அதில் அமர்ந்தபோது, அப்பாவின் மறுபக்கம் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இளமையில் அண்ணனும் தம்பியும் ஊரில் இரு வேறு இயக்கங்களின் பக்கம் நின்றவர்கள். நான் பிறந்த நாள் முதல் அவர்கள் பேசி நான் பார்த்ததில்லை.

ஒருபுறம் சந்தை, மறுபுறம் ஒற்றைக் கட்சியின் ஆணை. இரண்டில் எந்த அரசு தன்னைக் கலைத்துக்கொள்ளும் என்று கேட்டேன். பிரிவுக்குப் பின் பிறந்தவர்களுக்கு மறுபுறம் என்பது உறவல்ல, வெறும் செய்தி என்றேன். எதிரணித் தலைவி, பிரிந்த குடும்பங்கள் சந்தித்தபோது கட்டிப்பிடித்து அழுததை எடுத்துரைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எதிரணித் தம்பிக்கு அரசுகளைத் தெரியும். ஆக்களைத்தான் தெரியேல்லை.”

சபை சிரித்தது. அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. தொகுப்புரைக்கு எழுந்தேன், மணி அடிக்க ஒரு நிமிடம் இருந்தது.

“அருகருகே அமர்வது இணைவா, நடுவர் அவர்களே? மூன்றாம் வரிசையைப் பாருங்கள். என் தந்தையும் அவர் தமையனும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இரு இயக்கங்களை நம்பியவர்கள். இன்றும் ஒரு சொல் பேசவில்லை. ஒரு வீடே இணையாதபோது ஒரு நாடா இணையும்?”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கைதட்டல் அடங்குமுன் பெரியப்பா எழுந்து, மேலங்கிப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, வெளியேறினார். தீர்ப்பு எங்கள் அணிக்கு.

வெளியே, ரூ பெர்தொனே தெருவில் அப்பா எனக்கு முன்னால் நடந்தார். நகைக்கடை வாசலில் நின்றார்.

“நீ கடைசியா எழும்பேக்கை அண்ணை என்னட்டைக் கேட்டவர், ‘முழங்கால் இப்ப எப்பிடியடா?’ எண்டு. பதில் சொல்ல வாயெடுத்தனான். நீ எங்களைக் காட்டிப்போட்டாய்.”

“எனக்குத் தெரியாதப்பா.”

“ஓம், தெரியாது. தெரியாமல்தான் அவ்வளவு வடிவாய்ப் பேசினாய்.”

தொலைபேசியில் பெரியப்பாவை அழைத்தார், எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தார், எடுக்கவில்லை. கொரியாவைப் பற்றி நான் சொன்னது சரியாகவே இருக்கலாம். மூன்றாம் வரிசையைப் பற்றிச் சொன்னது பொய்; அந்தப் பொய்யை உண்மையாக்கியவனும் நானே.

தெருவில் ஆட்கள் கேட்க, மேடைக் குரல் இல்லாமல் சொன்னேன்:

“நாளைக்குக் கூசேன்வில்லுக்குப் போறன், அப்பா. கதவு திறக்காட்டியும் வெளியிலை நிண்டு உங்கடை முழங்கால் எப்பிடி இருக்கெண்டு பெரியப்பாவுக்குச் சொல்லுவன். அடுத்த மேடையிலை ஏறினால், நான் அண்டைக்குச் சொன்னது பிழையெண்டுதான் துவங்குவன்.”